கடவுள் கொடுத்த தள்ளுபடி

ஜப்பானியர்கள் படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவை 'மாங்கா கடவுள்', அதாவது படக்கதைகளின் கடவுள் என்பார்கள். நம்மூர்க் கடவுள்கூட ராத்திரி நடை சாத்தியதும் பள்ளியறைக்குப் போய்விடுவார். இவர் போகமாட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆள் முறைப்படி மருத்துவம் படித்தவர். 1961-ல் குளத்து நத்தையின் விந்தணுவை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். நத்தையோடு அவ்வளவு நாள் பழகியும் அதன் நிதானம் அவருக்கு ஒட்டவில்லை. அதே வருடம் அசைபடம் எடுக்க ஆள் சேர்த்தார். ஏற்கெனவே ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர் வரைந்துகொண்டிருந்தவர். பக்கம் வாங்க வந்த பத்திரிகைக்காரர்கள் அவர் வீட்டிலேயே பழியாய்க் கிடப்பார்கள். சின்ன வயதில் வண்டு பிடித்துத் திரிந்த பாசத்தில், பூச்சிக்கான எழுத்தைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டவர் தெசுகா. ஜப்பானிய மொழியில் பூச்சிக்கு 'முஷி'. கடுப்பான பத்திரிகைக்காரர்கள் அவரை 'ஒசோமுஷி' ஆக்கினார்கள். தாமதப் பூச்சி. இன்னும் கடுப்பானவர்கள் 'உசோமுஷி' என்றார்கள். பொய்ப் பூச்சி. மனிதர் அசரவில்லை. தன் பட நிறுவனத்துக்கே 'முஷி புரொடக்‌ஷன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஜப்பானில் அசைபடம் என்றால் டோயே ஸ்டூடியோதான். ஒரு படத்தை மாதக்கணக்கில் இழைத்து இழைத்து எடுப்பார்கள். தெசுகாவோ வாரா வாரம் அரை மணி நேரம் தருகிறேன் என்று ஃபுஜி தொலைக்காட்சியிடம் ஒப்புக்கொண்டார். 1963 ஜனவரி 1, புத்தாண்டு அன்றைக்கு, பறக்கும் ரோபோப் பையனின் கதையான 'ஆஸ்ட்ரோ பாய்' ஒளிபரப்பாகத் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேம். விளம்பரம் போக 25 நிமிடம் என்றாலும் 36,000 பிரேம் ஆகிறது. அத்தனைக்கும் வாரா வாரம் வரைவது யாராலும் ஆகாது. அதனால் ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு வைத்தார். அப்படியும் கட்டவில்லை. பேசினால் வாய் மட்டும் அசையட்டும், ஓடினால் கால் மட்டும் ஓடட்டும், அதிர்ச்சியடைந்தால் எதுவுமே அசைய வேண்டாம் என்று முடிவானது. ஜப்பானிய கார்ட்டூன்களில் எல்லோரும் ஏன் அப்படி அடிக்கடி உறைந்துபோகிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். கலை நயமெல்லாம் பிற்பாடு சொல்லப்பட்ட காரணம். பையன் பறக்கிற காட்சியை ஒரு முறை வரைந்து பத்திரப்படுத்தி வாரா வாரம் எடுத்துப் பறக்கவிட்டார்கள். அந்தச் சேமிப்புக்கு 'பேங்க்' என்று பெயர். முஷி நிறுவனத்தில் இருப்பு குறையாத பேங்க் அது ஒன்றுதான்.

ஏனென்றால் விலை அப்படி. ஓர் அத்தியாயத்தை 5,50,000 யென்னுக்குக் கொடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கைக்கு அதைவிடக் கூடவே வந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் செலவு அதற்கு மேலே. இந்த அடிமாட்டு விலைக்கு வேறு எவன் வருவான் என்பது கடவுளின் கணக்கு. வருடம் முடிவதற்குள் வரிசையாக வந்து நின்றார்கள், டோயே உட்பட.

தெசுகாவுக்கு நஷ்டத்தைக் கட்ட வழி இருந்தது. மெய்ஜி கம்பெனி மிட்டாயோடு ஆஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர் கொடுத்தது. பிள்ளைகள் ஸ்டிக்கருக்காக மிட்டாய் வாங்கினார்கள். 1964-ல் நாற்பது சதவீதத்துக்கு மேல் பார்வையாளர்கள். அமெரிக்காவுக்கும் விற்றாயிற்று. பின்னால் வந்தவர்களுக்கு விலை மட்டும் பொதுவாகக் கிடைத்தது. ஆஸ்ட்ரோ பாய் கிடைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே சாமியே தள்ளுபடி கொடுத்துவிட்டது, பூசாரியைக் குறை சொல்லி என்ன பயன்?

வேலை கழுத்தை நெரித்தபோது 34-வது அத்தியாயத்தை நண்பர்களின் 'ஸ்டூடியோ ஸீரோ'விடம் கொடுத்தார்கள். நண்பர்கள் என்றால் சாதாரண ஆட்கள் இல்லை. பின்னாளில் நம் வீட்டுப் பிள்ளைகளையும் மயக்கிய டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ அதில் உண்டு, இன்னொரு பெரிய படக்கதைக்காரர் இஷினோமோரி உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு வரைந்தார்கள். ஒவ்வொருவரும் மேதை, ஒவ்வொருவர் கைக்கும் ஒரு முகம். விளைவு, ஒரே அத்தியாயத்தில் ஆஸ்ட்ரோ பாய் காட்சிக்குக் காட்சி வேறு வேறு பையனாக வந்து நின்றான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. ரோபோ என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. தெசுகா அதன்பிறகு அந்தப் பக்கம் வேலை அனுப்பவே இல்லை.

1973-ல் முஷி திவாலானது. 1989 பிப்ரவரியில் தெசுகா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். தயவுசெய்து என்னை வேலை செய்யவிடுங்கள் என்பதுதான் அவருடைய கடைசிப் பேச்சு என்கிறார்கள். வேலையை நிறுத்தவே தெரியாத ஒருவர் போட்ட கால அட்டவணை, நிறுத்தினால் சோறு கிடைக்காது என்கிற ஆயிரக்கணக்கானவர்களின் தலையில் இறங்கிவிட்டது.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது முறை. அசைபட இயக்குநர் ஹயாவோ மியாசாகி அந்த முறைக்கு வரவில்லை. ஆஸ்ட்ரோ பாய் வந்த அதே 1963-ல் டோயேயில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த வருடமே தொழிற்சங்கச் செயலாளரானவர் அவர். குறைந்த பட்ஜெட் என்ற சாபத்தைத் தொடங்கிவைத்தவர் தெசுகாதான் என்று 1989-லேயே சொல்லிவிட்டார். சங்கத்துக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவரும் ஓய்வு, ஓய்வு என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மேசைக்குத் திரும்பினார். 83 வயதில் ஆஸ்கர் வாங்கினார். பெரியவரே எழுந்திருக்காதபோது சின்னவன் எப்படிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவான்?

சின்னவர்களின் கதை வேறு. மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார். நடுவே வரும் அசைவுகளை இளையவர்கள் நிரப்புவார்கள். ஒரு படத்துக்கு 200 யென் போல. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் இவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். மாதத்துக்கு ஒரு லட்சம்கூடத் தேறவில்லை.

வரைந்த தாள்களை உறையில் போட்டு வீடு வீடாக வசூலிக்கத் தயாரிப்பு உதவியாளர் என்று ஒருவர் இருப்பார். நள்ளிரவில் கார் ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். உள்ளே ஆள் இருந்தும் சத்தம் வராது. கடன் வசூலிக்க வருபவருக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், இவரும் தூங்கியிருக்கமாட்டார். இப்படி வேலை பார்த்த ஓர் இளைஞர் 2010-ல் தற்கொலை செய்துகொண்டார். காரணம் பணிச்சுமைதான் என்று 2014-ல் அரசுத் தொழிலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவருடைய மருத்துவக் குறிப்பில் மாதம் 600 மணி நேர வேலை என்று இருந்தது. முப்பது நாள் மாதத்துக்கே 720 மணி நேரம்தான்.

அவசரத்தில் எடுத்ததெல்லாம் திரையில் தெரியத்தானே செய்யும். 1996-ல் 'எவாஞ்சலியன்' தொடரில் இரண்டு பெண்கள் லிஃப்ட்டில் பேசாமல், அசையாமல், ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்பார்கள். ரசிகர்கள் அந்த மௌனத்துக்கு உளவியல் விளக்கம் எழுதிக் குவித்தார்கள். 2006-ல் வந்த வேறொரு தொடருக்கு அந்த யோகம் இல்லை. கதாநாயகி முட்டைக்கோஸ் நறுக்குகிறாள். கோஸில் இலை இல்லை, நரம்பு இல்லை. பச்சை பெயின்ட் அடித்த பந்து. கத்தி இறங்கியதும் வில்லை வில்லையாக விழுந்தது. சமையல் தெரியாதவன்கூடச் சிரித்தான். டிவிடி போடும்போது கோஸை மறுபடி ஒழுங்காக வரைந்தார்கள். அதிலிருந்து ஜப்பானில் படம் சொதப்பினால் 'முட்டைக்கோஸ்' என்பார்கள். பின்னால் வந்த தொடர்களில் நாயகியின் முகம் கோணினாலும் கோணும், கோஸில் மட்டும் இலை இலையாக நரம்பு தெரியும்.

காசே இல்லாத தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். 2023-ல் மொத்தச் சந்தை சுமார் 3.34 லட்சம் கோடி யென். பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' அசைபடம் தமிழ் பேசி நம் தியேட்டருக்கே வந்தது. ஆனால் பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து ஒரு குழு போட்டு முதல் போடும், லாபம் குழுவுக்கு. படம் வரைந்த ஸ்டூடியோவுக்குப் பெரும்பாலும் பேசிய கூலி மட்டும்.

கூலி கட்டாததால் வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. எவ்வளவு தூரம் என்று 2024-ல் தெரிந்தது. வடகொரியாவின் கணினி ஒன்று பூட்டாமல் திறந்து கிடந்தது. ஆய்வாளர்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே ஏவுகணை இல்லை, ஜப்பானியத் தொடருக்கான ஓவியங்கள். இதைச் சரிசெய், அதைச் சரிசெய் என்ற குறிப்புகளோடு. ஜப்பானைப் பார்த்து ஏவுகணை விடுகிற தேசத்திலும் யாரோ ஒருவர் ஜப்பானுக்காக ராத்திரி வேலை பார்த்திருக்கிறார்.

இனி என்ன என்று கேட்டால், அதற்கும் முன்னோட்டம் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஜப்பான் ஒரு குறும்படம் வெளியிட்டது. ஆள் பற்றாக்குறை, அதனால் பின்னணி ஓவியங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திப் பார்த்தோம் என்றார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, பின்னணி ஓவியர் என்ற இடத்தில் 'ஏஐ (+மனிதர்)' என்று வந்தது. அந்த மனிதரின் பெயரைப் போடவில்லை.