பெற்றவள் இல்லாத விமர்சகர்

1970களின் சீனத்தில் லியாங் சியாவோவை மிஞ்சிய விமர்சகர் கிடையாது. பசிக்காது, தூக்கம் வராது, எழுதியதில் ஒரு வரியும் தப்பாகாது. அவர் கன்பூசியஸை உதைத்தால் பிரதமர் சூ என்லாய்க்கு வலிக்கும். சின்னப் பத்திரிகை பெரிய பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறது, பெரிய பத்திரிகை லியாங் சியாவோவைப் பார்த்து எழுதுகிறது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். குறை ஒன்றுதான்: அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை.

பீகிங், சிங்ஹுவா பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களைக் கூட்டி, மாவோவின் மனைவி ஜியாங் சிங்கின் கோஷ்டி உட்காரவைத்த கண்டனக் குழு அது. 'இரண்டு பள்ளி' என்பதும் அந்தப் பெயரும் சீன மொழியில் ஏறக்குறைய ஒரே ஓசை. ஷாங்காய் கட்சிக் கமிட்டியின் எழுத்துக் குழுவுக்கு லுவோ சிடிங் என்று பெயர். சொன்னால் 'திருகாணி' என்று காதில் விழும். இதிலாவது கொஞ்சம் நேர்மை இருந்தது!

பண்பாட்டுத் துறையின் மொட்டைக் கடுதாசிக்குக் கையெழுத்து சூ லான். 1974-ல் அது பாய்ந்தது ஒரு ஷான்சி இசை நாடகத்தின் மேல். நோஞ்சான் குதிரையைப் பக்கத்து ஊருக்கு விற்றுவிட்டு வெட்கப்படும் கிராமம்தான் கதை. நாடகத்தில் வரும் ஊர்ப் பெயர், வீழ்த்தப்பட்ட தலைவர் லியூ ஷாவோசியின் மனைவி முன்பு வேலை செய்த கிராமத்தை நினைவூட்டுகிறதாம். போதாதா? குதிரையும் துரோகி.

இந்தக் கூட்டம் வாய்க்கு வாய் கும்பிட்ட பெயர் எழுத்தாளர் லூ சுன். அதுவும் புனைபெயர்தான். அன்று ஆண்ட கோமிண்டாங் கட்சியின் தணிக்கைக்குத் தப்ப நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களில் ஒளிந்து எழுதிய மனிதர். பிடிபட்டால் போவது அவர் உயிர். சூ லான் எழுதினால் போவது அடுத்தவன் உயிர். அந்த லூ சுன் வரலாற்றை எழுதவும் ஷாங்காயில் ஒரு குழு, அதற்கும் ஒரு பொய்ப் பெயர். வெட்கம் குதிரை விற்ற கிராமத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அரசு பத்துப் பெயரில் எழுதலாம். குடிமகன் எழுதினால் சதி. பெய்ஜிங் எழுத்தாளர்கள் டெங் டுவோ, வூ ஹான், லியாவ் மோஷா மூவரும் ஆளுக்கோர் எழுத்துப் போட்டு வூ நான்சிங் என்று 1961 முதல் கட்டுரைகள் எழுதினார்கள். 1966 மே மாதம் ஜியாங் சிங்கின் கோஷ்டியைச் சேர்ந்த யாவ் வென்யுவான் அதைத் தோண்டி 'மூவர் கும்பல்' என்றார். அதே மாதம் டெங் டுவோ தற்கொலை செய்துகொண்டார். வூ ஹான் 1969-ல் சிறையில் செத்தார்.

1976 அக்டோபரில் கோஷ்டி கைதானதும் லியாங் சியாவோ ஆவியாகிப் போனார். பேராசிரியர்களை விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புக்கு, நான் வெறும் படிப்பாளிதானே என்ற பொருளில் தலைப்பு வைத்தார். படிப்பாளிதான் ஐயா, அதனால்தான் கேட்கிறோம்.

டெங் டுவோவும் வூ ஹானும் குற்றமற்றவர்கள் என்று 1979-ல் அறிவித்தார்கள். கேட்க இருவரும் இல்லை.