பூட்டு இல்லாத வீடு

கேள்வி: பைத்தானில் ஒரு பொருளின் உள்விவரத்தை வெளியாள் தொடாதபடி பூட்ட முடியாதா?

பதில்: பூட்டு கிடையாது, வாசலில் கோலம் உண்டு. பெயருக்கு முன்னால் ஒற்றை அடிக்கோடு போட்டால் 'மிதிக்காதீர்கள்' என்று அர்த்தம். மிதித்தால் மொழி தடுக்காது. இரட்டை அடிக்கோடு வகுப்பின் பெயரையும் முன்னால் ஒட்டும், அதுவும் வாரிசு வகுப்பில் அதே பெயர் வந்து மோதாமலிருக்கத்தான்.

எனக்குப் பயம் திருடனிடம் இல்லை, தூக்கக் கலக்கத்தில் தட்டுபவரிடம். 'இருப்பு' என்ற பண்பின் பெயரை 'இறுப்பு' என்று எழுதி மதிப்பைக் கொடுத்தால், பைத்தான் சத்தமில்லாமல் புதிய பண்பு ஒன்றை உண்டாக்கிவிடும். பழைய இருப்பு அப்படியே கிடக்கும். இதைத் தடுக்க, வகுப்பின் 'ஸ்லாட்ஸ்' (__slots__) பட்டியலில் பண்புகளின் பெயர்களை முன்கூட்டியே எழுதுங்கள் (வாரிசு வகுப்பிலும் மறக்காமல்!), தப்பான பெயர் அந்த இடத்திலேயே பிடிபடும். நிஜப் பூட்டு ஜாவாஸ்கிரிப்டில்: 2022 தரத்தில் வந்த '#' பெயரை வகுப்புக்கு வெளியே எழுதினால் நிரல் ஓடவே ஓடாது.