சுவருக்குக் காதுண்டு, கண் இல்லை

கேள்வி: ஹாலில் இருக்கும் செட்டாப் பாக்ஸின் படம் உள்ளறை டிவிக்கு வந்துவிடுகிறது; உள்ளறையில் அழுத்தும் ரிமோட்டின் கட்டளை மட்டும் ஹாலுக்குப் போக மறுக்கிறது. படத்திற்கு இருக்கும் கால் கட்டளைக்கு இல்லையா?

பதில்: படம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறது, கட்டளை ஒளியாகப் பாய்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகளின் முனையில் இருக்கும் சிறு விளக்கு, கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கதிரை ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீளத்தில், உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஒளியே ஆதலால் செங்கல் சுவரில் பட்டதும் நின்றுவிடுகிறது. ரிமோட்டைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்கு இருண்டிருக்கும் அந்த விளக்கு பல கைப்பேசிகளின் திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் துடிப்பதைக் காணலாம். ரிமோட் பழுதா, பேட்டரி தீர்ந்ததா என்ற ஐயம் எழும்போதும் முதலில் செய்யத்தக்க சோதனை இதுவே.

கேள்வி: சுவருக்குக் காதுண்டு என்கிறார்களே, கட்டளையை ஒலியாக அனுப்பினால் என்ன?

பதில்: அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் ராபர்ட் அட்லர் உருவாக்கி 1956-இல் விற்பனைக்கு வந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ என்னும் ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்ட, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி எழும்பி டிவிக்குக் கட்டளையாகும். அதற்கு முந்தைய ஆண்டு அதே நிறுவனத்தின் யூஜின் பாலி உருவாக்கிய ‘ஃபிளாஷ்மேட்டிக்’ சாதாரண ஒளிக்கற்றையால் இயங்கியதால், வெயில் பட்டாலே டிவி தடுமாறியது. ஒலி அக்குறையைத் தீர்த்தது. ஆனால் அத்தகைய உயர்ந்த ஒலியையும் சுவர் தடுத்துவிடும். சுவரின் காது மனிதக் குரலுக்கு மட்டுமே திறந்திருக்கிறது.

கேள்வி: அகச்சிவப்புக் கதிர் டியூப்லைட்டிலும் வெயிலிலும்கூட இருக்கிறதாமே? இத்தனை வெளிச்சத்தின் நடுவே தன் ரிமோட்டின் குரலைப் பெட்டி எவ்வாறு இனங்காண்கிறது?

பதில்: தாளத்தால். ரிமோட்டின் விளக்கு வெறுமனே எரிவதில்லை. பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை சிமிட்டுகிறது, பெட்டியின் கண்ணும் அந்தத் தாளத்திற்கு மட்டுமே செவிசாய்க்கிறது. பரவலாக வழங்கும் என்ஈசி முறையில், முதலில் 9 மில்லிநொடி நீளும் ஒரு துடிப்பு, அடுத்து 4.5 மில்லிநொடி அமைதி, பிறகு 32 இலக்கங்களில் ‘எந்தக் கருவிக்கு, எந்தக் கட்டளை’ என்னும் செய்தி என ஒவ்வொரு அழுத்தமும் ஒரு சிறு தந்தியாகிச் செல்கிறது. சில சிஎஃப்எல் விளக்குகளின் மின்சுற்று இந்தத் தாளத்திற்கு நெருங்கிய வேகத்தில் துடிப்பதால், விளக்கைப் போட்டதும் ரிமோட் வேலைசெய்யாமல் போவதுண்டு. குறை ரிமோட்டில் இருப்பதாக எண்ணிப் புதிது வாங்குமுன் விளக்கை அணைத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: அப்படியானால் சுவரைத் தாண்ட வழிதான் என்ன?

பதில்: இருவழிகள் உண்டு. முதலாவது, கட்டளையையும் கம்பியில் ஏற்றுவது. ஐஆர் எக்ஸ்டெண்டர் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் இக்கருவியில், உள்ளறை டிவியின் அருகே வைக்கும் ஒரு கண்ணும், அங்கிருந்து ஹாலுக்கு ஓடும் மெல்லிய கம்பியும், அதன் மறுமுனையில் சுண்டல் கடலை அளவேயான ஓர் உமிழியும் இருக்கும். கண் ரிமோட்டின் ஒளியை மின்துடிப்பாக்கி அனுப்ப, உமிழி அதை மீண்டும் ஒளியாக்கிப் பெட்டிக்குக் காட்டுகிறது. உமிழியை ஒட்டும் இடத்தில்தான் பலர் தவறுகின்றனர். பெட்டியின் முகப்பிலுள்ள கருநிறத் தகட்டுக்குப் பின்னே கண் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் கட்டளை பிறழும். படம் வரும் கேபிளுக்காகச் சுவரில் போட்ட துளையிலேயே இக்கம்பியும் நுழைந்துவிடும் என்பதால், இடைஞ்சலும் குறைவு, பழுதும் குறைவு.

இரண்டாவது வழி வானொலி அலை. உள்ளறையிலுள்ள கருவி ஒளியை 433 மெகாஹெர்ட்ஸ் அலையாக மாற்ற, ஹாலிலுள்ள அதன் இணை திரும்ப ஒளியாக்குகிறது. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைக்குச் செங்கல் பெரிய தடையன்று. அடுத்த வீட்டுச் சுவரும் தடையன்று. அடுக்ககத்தில் இரு வீடுகளிலும் ஒரே வகைக் கருவியும் ஒரே வகைப் பெட்டியும் இருந்தால், ஒருவர் மாற்றும் சேனல் மற்றவர் வீட்டிலும் மாறக்கூடும். ஆகவே கம்பி இழுக்க வாய்ப்புள்ள வீட்டில் கம்பியே மேல்.

கேள்வி: படம் வரும் அதே கம்பியிலேயே கட்டளையைத் திருப்பி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லையா?

பதில்: தோன்றியது, செயற்கைக்கோள் தொலைக்காட்சி வரலாற்றின் அழகான கைவேலைகளில் அதுவும் ஒன்று. பிரிட்டனில் 1998 அக்டோபரில் தொடங்கிய ஸ்கை டிஜிட்டல் சேவையின் பெட்டிகளில், இரண்டாம் டிவிக்கான ஆன்டெனாக் கேபிள் வாய் 9 வோல்ட் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும். மறுமுனையில் ‘மேஜிக் ஐ’ என்று மக்கள் அழைத்த சிறு கண், அந்த மின்சாரத்தில் விழித்திருந்து, படுக்கையறை ரிமோட்டின் கட்டளையை அதே கேபிளில் எதிர்த்திசையில் அனுப்பியது. படம் போகும் பாதையில் கட்டளை திரும்பி வந்தது. தனிக்கம்பியும் தேவைப்படவில்லை, தனி மின்செருகியும் தேவைப்படவில்லை. எச்டிஎம்ஐ வாயும், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி வாய்களும் மட்டுமே உள்ள பெட்டிகளில் இது செல்லாது. அங்கே, படத்தை லேன் கேபிளில் கடத்தும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர்களில் ஐஆர் வசதியும் சேர்ந்த வகையைக் கேட்டு வாங்கினால் அதே பயன் கிட்டும்.

கேள்வி: ஹாலில் மாமனார் செய்தி பார்க்க, உள்ளறையில் மாமியார் தொடருக்கு மாற்றினால் யார் வெல்வார்?

பதில்: கடைசியாக அழுத்தியவர். பெட்டி ஒன்றாயின் அது திறந்துகாட்டும் சேனலும் ஒன்றே. படத்தைப் பிரிக்கலாம், தேர்வைப் பிரிக்க இயலாது. தனித்தனியே பார்க்க இரண்டாம் பெட்டி வாங்கும் வீட்டாரும், டிஷ்ஷிலிருந்து வரும் ஒற்றைக் கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்து இரு பெட்டிகளுக்கும் கொடுத்துவிடக் கூடாது. டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்னும் கருவிக்குப் பெட்டியே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, செங்குத்தாக அதிரும் அலைகள் வேண்டுமா, கிடையாக அதிரும் அலைகள் வேண்டுமா என்று ஆணையிடுகிறது. மாமனாரின் பெட்டி ஒன்றைக் கேட்க மாமியாரின் பெட்டி மற்றொன்றைக் கேட்டால், ஒருவருடைய திரை வெறுமையாகும். இரு வாய்கள் உள்ள எல்என்பியும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிளும் போட்டால் இந்த வழக்கு தீரும்.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: வைஃபை வழியே கட்டளை வாங்கி அகச்சிவப்பாக உமிழும் கருவியை ஹாலில் வைத்தால் கைப்பேசியே ரிமோட்டாகும். ஆனால் வழுக்கும் கண்ணாடியில் விரலுக்கு அடையாளம் கிடையாது. பல ரிமோட்டுகளில் 5 என்னும் பொத்தானின்மேல் இருக்கும் சிறு புடைப்பைத் தடவியே, பார்வை மங்கியவர் மற்ற எண்களைக் கண்டுகொள்கிறார்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்காக இத்தனை ஏற்பாடு தேவையா? கூப்பிட்டால் பேரன் ஓடிவந்து மாற்ற மாட்டானா?

பதில்: ஓடிவருவான். நான்காம் முறை கூப்பிடப் பாட்டிக்குக் கூச்சமாக இருக்கும். பிடிக்காத நிகழ்ச்சியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஆகவே தேவை. ஹால் ரிமோட்டின் வகையிலேயே இரண்டாவது ரிமோட் ஒன்றை வாங்கித் தலையணைப் பக்கம் வைத்து, எக்ஸ்டெண்டரின் கண்ணை உள்ளறை டிவியின் விளிம்பில் ஒட்டிய பிறகு, அமைப்பவர் அக்கட்டிலில் தாமே படுத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு அழுத்தும்போது செவ்வனே இயங்கும் ஏற்பாடு, படுத்திருப்பவரின் கையிலிருந்து வரும் ஒளியைக் கால்மாட்டுப் பலகை மறைப்பதால் இயங்காமல் போகக்கூடும்.