மலைப்பூங்காச் செலவியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் உள்ள தேசியப் பூங்காக்களைப் பற்றி நூல்கள் அடுக்கடுக்காக உண்டு. அங்கே குடும்பத்தோடு கோடைப் பயணம் கிளம்பும் முன் வீட்டில் நடப்பதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. டல்லாஸிலும் ஃப்ரீமான்டிலும் உள்ள தமிழ் வீடுகளில் ஜனவரியில் முளைவிட்டு ஜூனில் உச்சம் பெறும் இந்தத் துறை, இதுவரை எந்தப் பல்கலைக்கழகத்தின் கண்ணிலும் படவில்லை. ஒற்றை ஓட்டுச் சில்லில் இரண்டரை எழுத்தைக் கண்டு ஓர் அரச மரபையே எழுப்பிவிடும் அறிஞர்கள், தலைக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு நிறம் என்று வளர்ந்து நிற்கும் எக்செல் கோப்பைக் கண்டும் காணாமல் போகிறார்கள். அக்குறை நீக்கவே இச்சிறு முயற்சி.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்று பொருளே இங்கும் போதும். இரண்டொரு பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களின் பெயரையும் நடுவில் தூவினால் ஆய்வேடு சீக்கிரம் தேறும் என்பார்கள். நெறியாளர் பெயரைத் தூவினால் அதைவிடச் சீக்கிரம் தேறும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலத்துள் தலையாயது யெல்லோஸ்டோன். 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டதால் உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங்கில் கிடக்க, ஓரங்கள் மொன்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் நீள்கின்றன. அதன் தெற்கே ஒட்டினாற்போல் கிராண்ட் டீட்டன், சிகரம் 13,775 அடி. வடக்கே கனடா எல்லையில் கிளேசியர். கொலராடோவில் ராக்கி மவுன்டன். நான்கையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்பது வரைபடத்தைக் கைபேசியில் மட்டும் பார்த்தவர் கொள்கை (மைத்துனர், வாய்மொழி). முடியவே முடியாது என்பது ஒருமுறை போய்வந்தவர் கொள்கை (அதே மைத்துனர், மறு ஆண்டு).

யெல்லோஸ்டோனுக்குள் எட்டு வடிவில் வளைந்து கிடக்கும் கிராண்ட் லூப் சாலையின் நீளம் 142 மைல். வேக வரம்பு மணிக்கு 45 மைல். ஆகவே மூன்றேகால் மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம் என்று கோப்பின் ஏழாம் தாளில் சூத்திரம் விடை சொல்கிறது. சாலை நடுவில் நின்று அசைபோடும் காட்டெருமைக்கு அச்சூத்திரத்தில் இடம் இல்லை.

பொழுது பற்றி ஆய்வாளரிடையே கடும் பூசல். டெக்சாஸில் பள்ளிக்கூடம் மே மாதக் கடைசியில் மூடும். கிளேசியர் பூங்காவில் மலை முதுகைக் கடக்கும் கோயிங் டு த சன் சாலையோ, பனியை வாரி முடித்த பிறகே முழுதாகத் திறக்கும். அது பெரும்பாலும் ஜூன் கடைசி. 2022இல் ஜூலை 13. மே மாத இறுதியில் விடுமுறை கேட்டு, விமானச்சீட்டும் வாங்கி, பிறகு லோகன் கணவாய் 6,646 அடி உயரத்தில் பனிக்குள் மூடிக் கிடப்பதை அறியும் குடும்பத்தலைவர், குறுந்தொகைத் தலைவியைவிட அதிகமாகக் கார்காலத்தை நொந்துகொள்வார்.

அதே பூங்காவில் இன்னொரு காலக் கணக்கும் உண்டு. பனியாறுகள் 2020க்குள் மறைந்துவிடும் என்று அங்கே பலகைகள் எழுதி வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறுகள் சுருங்கினவே தவிர மறையவில்லை. பூங்கா நிர்வாகம் பலகைகளை மாற்றியது. கணிப்பு பொய்த்ததும் பலகையை மாற்றும் இந்த வழக்கம் நம் இலக்கிய வரலாற்றுத் துறையில் இன்னும் பரவவில்லை. ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே பின்னே தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோர், யெல்லோஸ்டோனில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் முன் ஒருமுறை நிற்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை பொங்கும் அந்த ஊற்று அடுத்து எப்போது பொங்கும் என்பதை, 10 நிமிடம் முன்பின் ஆகலாம் என்ற அடக்கத்தோடு எழுதிப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பலிக்கும்.

உடை இயல்: ஜூனிலும் பனி விழலாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்க. இயல் முற்றிற்று.

முன்பதிவு இயல் சற்று நீளம். யெல்லோஸ்டோனுக்குள் உள்ள விடுதி அறைகள், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, அடுத்த ஆண்டின் அதே மாதத்துக்குத் திறக்கின்றன. 1904இல் மரத்தால் கட்டிய ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதியில் தொலைக்காட்சி இல்லை, குளிர்சாதனம் இல்லை, பழைய அறைகள் சிலவற்றில் தனிக் குளியலறையும் இல்லை. ஊர் வீட்டில் இவை இல்லை என்பதற்காகப் பேரன் வர மறுப்பான். இங்கே இல்லை என்பதற்காக ஓராண்டு முன்பே பணம் கட்டுகிறார்கள்.

அனுமதிச் சீட்டிலும் நுணுக்கங்கள் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர்க்கு ஆண்டுச் சீட்டு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவர்க்கு 250 டாலர். 62 வயது கடந்த குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் அதே 80 டாலரில் ஆயுள் சீட்டு. 2017 ஆகஸ்டுக்கு முன் இது வெறும் 10 டாலராக இருந்தது என்பதைச் சொல்லாமல் எந்த மாமனாரும் காரில் ஏறுவதில்லை. இவை அனைத்தையும் விஞ்சிய செல்வம் நான்காம் வகுப்புப் பிள்ளை. 2015இல் ஒபாமா காலத்தில் வந்த திட்டத்தின்படி அப்பிள்ளைக்கு ஓராண்டு இலவசச் சீட்டு. காரில் உள்ள எல்லோரும் உடன் நுழையலாம். செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்ட் 31 வரை செல்லும். பிள்ளை கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் அந்த ஒரு கோடைக்கு வீட்டில் அதன் சொல்லே அம்பலம் ஏறும். அண்ணன் ஐந்தாம் வகுப்பு போனதும் தங்கை மூன்றில் இருந்தால் நடுவே ஓராண்டு பஞ்சம். பிள்ளை பெறும் இடைவெளியை இதை வைத்துத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்னும் கருத்து, இரவு உணவின்போது முன்வைக்கப்பட்டு அங்கேயே மறுக்கப்பட்டது (சாப்பாட்டு மேசை, மனைவி, ஒரே ஒரு பார்வை).

இனி, இவ்வாய்வின் உயிர்நாடியான அரிசி இயல்.

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது பள்ளிப்பாடம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று இருக்கும் 7,349 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கிக் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே ரைஸ் குக்கரில் வழக்கமான அளவு தண்ணீர் வைத்தால், தண்ணீர் வற்றிய பிறகும் சோனா மசூரி நடுவில் கடுக்கென்று நிற்கும். இந்த இயற்பியலை வீட்டில் யாரும் ஏற்பதில்லை. அரிசி சரியில்லை என்பது ஒரு கட்சி. தண்ணீர் சரியில்லை என்பது மற்றொரு கட்சி. குக்கரே சரியில்லை என்பது அத்தை கட்சி. 1835 மார்ச்சில் ஆண்டீஸ் மலையைக் கடந்த டார்வின் இதே வழக்கைப் பதிவு செய்திருக்கிறார். இரவெல்லாம் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை. கூட வந்த இருவர், பானை புதிது, அதற்கு வேகவைக்க மனமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இக்கட்டுரையில் வரும் ஒரே முறையான சான்று இது. அத்தையின் கருத்தோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

எனவே பிரஷர் குக்கர். சுற்றுலா மேசைகள் போட்ட இடங்களில் சிறு எரிவாயு அடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று பூங்கா விதி இடம் தருகிறது. பைன் மரத்தடியில் மேசை; மேலே காற்றில் படபடக்கும் செய்தித்தாள்; அது பறக்காதிருக்க மாங்காய் ஊறுகாய்ப் பாட்டில்; அடுப்பைக் காற்று அணைக்காதபடி இரண்டு பக்கமும் சூட்கேஸ்; நடுவில் ஐந்து லிட்டர் குக்கர். முதல் விசில் அடித்ததும் அடுத்த மேசையில் இருந்த வெள்ளைக்கார முதியவர் எழுந்து நின்று ஊற்று எந்தப் பக்கம் பொங்குகிறது என்று தேடுவார்.

எத்தனை விசில் என்பதே வினா. குக்கரின் வெயிட், வெளிக்காற்றைவிட உள்ளே இவ்வளவு அழுத்தம் கூடினால் எழும்பும் என்ற கணக்கில் செய்தது. வெளிக்காற்றே மெலிந்த இடத்தில் உள்சூடும் 120 டிகிரியைத் தொடாமல் சில டிகிரி கீழே நிற்கும். ஆக, ஊரில் மூன்று என்றால் இங்கே நான்கு என்பது அறிவியல் முடிபு. ஆனால் மூலபாடம் வேறு சொல்கிறது (குளிர்சாதனப் பெட்டிக் கதவு, வலப்புறம், பல் மருத்துவமனையில் கொடுத்த காந்த வில்லைக்கு அடியில், மளிகை ரசீதின் பின்பக்கம், முதல் கை அத்தையுடையது, ஓரக்குறிப்புகள் மருமகளுடையவை, மூன்றாம் வரியில் நல்லெண்ணெய் பட்டு எண் சிதைந்துள்ளது. '3 விசில்' என்பது பழைய பாடம். '8 விசில்' என்பது பதிப்பாசிரியர் திருத்தம். மூன்றாம் வரி முழுதும் இடைச்செருகல், அங்கே இருந்தது '3 விஸா நகல்' என்பது மாமனார் உரை, அவ்வுரையை மறுத்துச் சம்பந்தி திருச்சியிலிருந்து அனுப்பிய குரல் பதிவு ஏழு நிமிடம் நீள்கிறது, அதில் பாதிக்கு மேல் அவர் வீட்டுக் குக்கர் சத்தம், அந்த விசில்களை எண்ணி நான்காவது ஒரு கட்சி முளைத்துள்ளது).

வெந்நீர் ஊற்றே இருக்கையில் எரிவாயு எதற்கு என்று கேட்போரும் உண்டு. 1882இல் ஜெனரல் ஷெரிடனின் ஆட்கள் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லில் துணி துவைத்துப் பார்த்தார்கள். பருத்தியும் லினனும் தப்பின, கம்பளி கந்தலாகிவிட்டது. இந்த முன்னுதாரணத்தில் வேட்டிக்கு அச்சமில்லை என்று மகிழ்வது தவறு. 2020 ஆகஸ்டில் சிலர் இரண்டு முழுக்கோழிகளைச் சாக்கில் கட்டி ஷோஷோனி ஊற்றுப் படுகையில் இறக்கிச் சமைத்தார்கள். வழக்கு நடந்து, பூங்காவுக்குள் இரண்டு ஆண்டு காலடி வைக்கக் கூடாது என்று தண்டனை. இந்தப் பூங்காவின் ஊற்றுகளில் வெந்து இறந்த மனிதர்கள் இருபதுக்கும் மேல். மரப்பாதையை விட்டு இறங்குவதைப் பற்றி மட்டும் இவ்வாய்வில் மாற்றுக் கருத்து எதுவும் இல்லை.

கருப்பொருளுள் விலங்கு: காட்டெருமை, கரடி, ஓநாய், எல்க் மான். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், மற்றவற்றுக்கு 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். இதை அளக்க எளிய முறை ஒன்று வழங்குகிறது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்த வேண்டும். விலங்கு விரலுக்குள் மறைந்தால் போதிய தூரம். யாருடைய கட்டைவிரல் என்பது மூலத்தில் இல்லை. ஆறு வயதுப் பேத்தியின் விரலில் மறையாத காட்டெருமை, தாத்தாவின் விரலில் வாலோடு மறைந்துவிடுகிறது. தாத்தா அதனால் ஓரடி முன்னே போகிறார். காட்டெருமையோ மனிதனைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். யெல்லோஸ்டோனில் வேறெந்த விலங்கையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் அதுதான். 2016 மே மாதம், குளிரில் நடுங்குகிறது என்று இரக்கப்பட்டு ஒரு கன்றைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் சில பயணிகள். மந்தை அதைத் திரும்பச் சேர்க்க மறுத்தது. கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாயிற்று.

கரடிக்கான மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. ஆனால் இரண்டு கிலோ குண்டூர் மிளகாய்ப்பொடியைப் பெட்டியில் வைத்துப் போகலாம். இம்முரண்பாடு தனி ஆய்வுக்குரியது.

உரிப்பொருளில் குறிஞ்சிக்குப் புணர்தல் விதிக்கப்பட்டிருந்தாலும், மேற்கு மலைகளில் காணக் கிடைப்பது ஊடலே. இது மருதத்துக்கு உரியதாயிற்றே என்பார்க்குத் திணை மயக்கம் என்று கூறி அமைக. யெல்லோஸ்டோனின் ஹெய்டன் பள்ளத்தாக்கில், வாடகை மினிவேனின் முன் எழுபது வண்டி, அவற்றின் முன் ஒரே ஒரு காட்டெருமை.

"ஏங்க, ஆறு மணிக்கே கிளம்பலாம்னு அப்பவே சொன்னேன்ல?"

"ஆறு மணிக்குக் குக்கர் எட்டாவது விசில்ல இருந்தது."

"மாப்பிள்ளை, ஹாரன் அடிச்சுப் பாருங்களேன்" என்கிறார் பின்னிருக்கையில் மாமனார். கோப்பின் ஏழாம் தாளில் அந்த நேரம் கிராண்ட் பிரிஸ்மாடிக் ஊற்றுக்கு ஒதுக்கப்பட்டு, பச்சை நிறம் அடிக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் எதுவும் பேசாமல் எஞ்சினை அணைக்கிறார். இருத்தல் முல்லைக்குரியது.

இரங்கல், கடன் அட்டைக் கணக்கு வந்தபின்.

ஆய்வு இத்துடன் முடியவில்லை. கழிப்பறை இயலும் ஒளிப்பட இயலும் நிதிநல்கை கிடைத்தால் எழுதப்படும். அடுத்த ஜூலைக்கான அறைகள் இந்த ஜூலை 5ஆம் தேதி காலையில் திறக்கின்றன. வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அன்று காலை அந்தப் பக்கம் யாரும் வராதீர்கள். ஆய்வாளரின் மகள் வரும் கல்வியாண்டில் நான்காம் வகுப்பில் இருப்பாள்.