குற்றவாளி குழாய் அல்ல

டொராண்டோ,
ஐப்பசி மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாசல் குழாய் ஒழுகினால் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போடுவது நம் ஊர் வைத்தியம். இங்கே அது பாதிதான் பலிக்கும். இந்த ஊர்க் குழாய்க்கு வரும் பெரிய நோய் குழாயில் இல்லை, போன ஐப்பசியில் கழற்றாமல் விட்ட ஓஸில் இருக்கிறது என்பது என் கட்சி. குழாயின் உடல்வாகைக் கேளுங்கள். கைப்பிடியும் வாயும் பனியில் நிற்கும்; தண்ணீரை நிறுத்தும் வாஷரோ நீளக் கம்பியின் மறுமுனையில், சுவருக்கு உள்ளே கதகதப்பில் இருக்கும். ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் உயிரை ஒளித்த மந்திரவாதி கதைதான். மூடியதும் நடுவில் மிஞ்சிய தண்ணீர் வடியட்டும் என்று குழாயைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்துப் பொருத்துகிறார்கள். வாயில் ஓஸ் மாட்டிக் கிடந்தால் எங்கே வடியும்? தேங்கி உறைகிறது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். செம்பு அவ்வளவு தாங்காது, பிளந்துவிடும். பிளவு வாஷரைத் தாண்டி இருப்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுக்கூடக் கசியாது. சித்திரையில் செடிக்குத் தண்ணீர் விடத் திறந்தால் பாதி செடிக்கு, பாதி பேஸ்மென்ட்டுக்கு.

எல்லாப் பழியையும் ஓஸ் தலையில் கட்டாதே என்பீர்கள். நியாயம்தான். மூடிய பிறகும் வாயில் சொட்டினால் அது வாஷர். அங்கே உங்கள் வைத்தியமே ஜெயிக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் வருஷத்தில் ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி போய்விடும். திறந்திருக்கும்போது கைப்பிடி அடியில் கசிந்தால், அங்குள்ள நட்டை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நிற்கும். வீரம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். பிறகு மரை கழன்றது குழாய்க்கா நமக்கா என்று அண்ணிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் பிளம்பரைக் கூப்பிட்டால், வாசலில் வந்து நின்றதற்கே தனிக் கூலி. ‘உறையாத குழாய்’ என்றுதானே விற்கிறார்கள், அது பொய்யா என்றால், பொய்யில்லை. அந்த வாக்கு, வடிய வழி இருக்கிற குழாய்க்குக் கொடுத்தது.

ஆகவே, அங்கே அடைமழைக்குக் குடை தேடும் இதே மாதத்தில் இங்கே ஓஸைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் வால்வையும் மூடிவிட்டு, வெளிக் குழாயைத் திறந்தே விடுவது வழக்கம். தை, மாசி முழுக்கக் குழாய் திறந்தே கிடக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கோடையில் நம் தெருக்குழாயைப் பார்த்தது போலவே இருக்கும்.

அன்புத் தம்பி