பின்னால் நிற்பவர்கள்

ரிக் டெய்லரைக் கொன்ற பழியை 1988-லிருந்து பேய்கள்தான் சுமந்து வருகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை குன்னத்துகாலில் அவன் செத்ததற்கு அவை பொறுப்பில்லை.

அன்று கட்டுரையாளர் அக்கா மகனின் நின்டெண்டோ ஸ்விட்சை டிவியில் மாட்டி 'ஸ்பிளாட்டர்ஹவுஸ்' ஆடிக்கொண்டிருந்தார். காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்காக நாம்கோ 1988-ல் செய்த விளையாட்டு; 2017-ல் வந்த 'நாம்கோ மியூசியம்' தொகுப்பில் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கி டாக்டர் வெஸ்டின் மாளிகைக்குள் போகும் ரிக், காதலி ஜெனிஃபரைப் பறிகொடுக்கிறான். முகத்தில் ஒட்டிக்கொண்ட முகமூடியின் பலத்தில் ஏழு கட்டங்களிலும் பேய்களை அடித்துக்கொண்டே போகிறான். இத்தனை வருடம் கழித்தும் இது ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஒரு விஷயம்.

பின்னால் நிற்பவர்கள்.

ஒருவர் கையில் பொத்தான் இருந்தால் போதும், அறையிலுள்ள மற்ற எல்லாருக்கும் வழி தெரிந்துவிடும். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. "மக்கா, கீழ கட்ட கெடக்கு, எடுலே" என்றார். எடுத்தாயிற்று. அந்தக் கட்டையால் அறைந்தால் பேய் பின்சுவரில் போய் அப்பிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்காகவே ஆடுகிறவர்கள் உண்டு. "ஓங்கி அடிலே!" ரிக்குக்கு ஓங்கி அடிக்கத் தனிப் பொத்தான் கிடையாது. அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று, அவ்வளவுதான்.

"ஓரமா ஒதுங்கிப் போயேன்" என்றார் இன்னொருவர். 1989-ல் கேப்காம் கொண்டுவந்த 'ஃபைனல் ஃபைட்'டில் அப்படி மேலும் கீழும் நடந்து ஒதுங்கலாம். இங்கே ஒரே கோடு: முன்னே போகலாம், பின்னே வரலாம். இதை விளக்கி முடிப்பதற்குள் ரிக்கின் உயிரைக் காட்டும் இதயங்களில் ஒன்று குறைந்திருந்தது.

இரண்டாம் கட்டத்தின் முடிவில் ஓர் அறை. நாற்காலி தானாகப் பறந்து வந்து தாக்கும். "நாற்காலிய ஏன் அடிக்க, அதுக்க உள்ள இருக்க பேய அடி" என்றார் அத்தை. பேய் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியைத்தான் அடிக்க வேண்டும். பிறகு கத்திகள் வரும், தொங்குவிளக்கு விழும், சுவர்ப்படமும் சண்டைக்கு வரும். "ஐயோ, வெளக்கு!" என்று பதறினார், சொந்த வீட்டு விளக்கு போல.

இதற்கிடையே ஒரு பெரியவர் புராணம் தொடங்கினார். நம்மூர் யட்சி முதலில் சுண்ணாம்புதான் கேட்பாள், இந்த வெள்ளைக்காரப் பேய்களுக்கு மரியாதை தெரியவில்லை என்பது அவர் வாதம். இது ஜப்பான் விளையாட்டு என்று சொல்லிப் பார்த்தார் கட்டுரையாளர். "பேயி வெள்ளக்காரப் பேயிதானே?" என்றார் பெரியவர். அதில் நியாயம் உண்டு. ரிக்கின் வெள்ளை முகமூடி அமெரிக்கத் திகில் படத்து ஆக்கி முகமூடியின் சாயல்தான். அமெரிக்காவில் 1990-ல் டர்போகிராஃப்க்ஸ்-16 கருவிக்கு இந்த விளையாட்டு வந்தபோது முகமூடியைச் சிவப்பாக மாற்றினார்கள். ஆனால் நியாயம் பேச அதுவா நேரம்?

மூன்றாம் கட்டம். தலையில் சாக்கு, இரண்டு கைகளுக்குப் பதில் மரம் அறுக்கும் மெஷின் வாள்: பிக்கி மேன் வந்துவிட்டான். ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், அந்த மெஷினுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று கணக்குப் போட்டார். "துப்பாக்கிய எடு" என்றது ஒரு குரல். "தோட்டாவ மிச்சம் புடி" என்றது மற்றொன்று. "ரெண்டும் வேண்டாம், ஓடு" என்றார் அத்தை. மூன்று யோசனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றப் போய் ரிக் அறுபட்டான். "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள் எல்லாரும். எப்போது, எதை என்று கேட்டால் பதில் இல்லை.

ஐந்தாம் கட்டத்தில் ஜெனிஃபரே பேயாகிறாள். நடுநடுவே மனுஷியாகிக் கெஞ்சுகிறாள். அவளைக் காப்பாற்ற வழியே கிடையாது, அடித்துத்தான் தீர வேண்டும். சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். அங்கே போய்ச் சேர விட்டால்தானே எழுதுவதற்கு!

ஆகவே அன்பர்களே, வரும் ஞாயிறும் வாருங்கள். சாயா உண்டு, பழம்பொரி உண்டு. தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள், பழம்பொரி தீரும்வரை வாயில் வேறெதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.