குல்லாவுக்குள் ஒரு கொசு நிபுணர்

கெங்கவல்லியில் மார்கழி பிறந்துவிட்டதா என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் இவர் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று பார்த்தால் போதும். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், தோளில் கம்பளி. இடுப்புக்குக் கீழே மட்டும் சித்திரை மாதம்: மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி அறிவிப்பார்:

"இனி தை முடியிற வரைக்கும் கொசுத் தொல்லை கிடையாதுப்பா. இந்தப் பனிக்கு மனுசனே வெறச்சுப் போறான், கொசு எம்மாத்திரம்?"

ஊட்டியில் உறைபனி என்று முந்தின நாள் டிவியில் பார்த்திருப்பார். அதை அப்படியே இறக்கிச் சுவேத நதிக்கரையில் விரித்துவிடுவார். கொசு முடங்க வேண்டுமானால் வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். நம்மூர் மார்கழி விடியல் அதைவிட எவ்வளவோ வெதுவெதுப்பு. குளிரில் கொசுப்புழு கொஞ்சம் மெதுவாக வளரும். ஒரு வாரத்து வேலைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அரசாங்க வேலை மாதிரி தாமதமாகுமே தவிர நின்றுபோகாது. உறைபனி கொட்டும் நாடுகளிலேயே சில கொசுக்கள் பொந்திலும் நிலவறையிலும் பதுங்கிக் கிடந்து வசந்தத்தில் எழுந்து வருகின்றன. இதையெல்லாம் அவரிடம் சொன்னால், "அது வெளிநாட்டுக் கொசு, உடம்பு தாங்கும்" என்பார்.

பேசிக்கொண்டே வலது பாதத்தால் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "பனி வறட்சி, தோலு அரிக்குது". பெஞ்சுக்கடியில் காலில் வெள்ளை வரி போட்ட, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒன்று காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு போகும். டெங்குக் கொசு ராத்திரியில்தான் கடிக்கும் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அதனால் ராத்திரி கொசுவலைக்குள் மகாராஜாவாகப் படுத்துவிட்டு, அது மும்முரமாக இருக்கும் காலையிலும் மாலையிலும் காலை நீட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். டெங்குக் கொசு முழங்காலுக்கு மேலே பறக்காது, தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஊருக்கெல்லாம் அனுப்பியவரும் இவர்தான். மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கும் டெங்கு வருகிறதே என்றால், "லிஃப்ட்ல போயிருக்கும்".

2017இல் டெங்கு தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. அரசுக் கணக்குப்படியே மாநிலத்தில் 65 பேர் போனார்கள். சேலம் மாவட்டமும் நன்றாகவே அடிபட்டது. அதை மட்டும் அவர் சிரிக்காமல் கேட்பார். கேட்டுவிட்டு, "அது மழைக் காய்ச்சல். மழைதான் நின்னுபோச்சே" என்பார். மழை நின்றது சரி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டியதெல்லாம் எங்கே போயிற்று? கொல்லைப்புறத்தில் பழைய டிராக்டர் டயருக்குள், கவிழ்க்காமல் விட்ட ஆட்டுக்கல்லின் குழியில், மூடியில்லாத டிரம்மில் தெளிந்து நிற்கிறது. ஏடிஸுக்குப் பிடித்ததே தெளிந்த தண்ணீர்தான். அவரோ தெருச் சாக்கடையைக் காட்டிப் பேரூராட்சியை வைதுகொண்டிருப்பார். (சாக்கடைக்கும் வாடகைதாரர்கள் உண்டு, யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ். அதனால் வைவது முழுக்க வீணல்ல.)

தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைத்துவிட முடியாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். டிரம்மின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் உண்டு. பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே யோசிக்கிறவரிடம் மார்கழியில் யார் போய்ச் சொல்வது?

சொல்ல ஒரு பெண் வருவார், கையில் டார்ச்சும் மருந்து பாட்டிலுமாக. கொசு ஒழிப்புப் பணியாளர்.

"ஏம்மா, இந்தக் குளிர்ல எந்தக் கொசுவத் தேடி வந்த?"

"டிரம்மப் பாத்துட்டுப் போயிடறேங்கய்யா."

ஒரு கிண்ணம் மொண்டு அவர் முன்னால் நீட்டுவார். கம்பளியை விலக்காமல் எட்டிப் பார்ப்பார். கிண்ணத்துக்குள் நாலைந்து நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கும்.

"இது புழுதானேம்மா? கொசு ஆனப்புறம் வா."